பாதபீடத்துப் பலகை

மழை தன் பருவம் மறவாதிருக்க. மதகு தன் முறை மறவாதிருக்க. மன்றம் தான் சொன்ன சொல் மறவாதிருக்க.

நாரைக்கொடி உயர்த்தவரும், ஏழேரி நாட்டின் ஏழு கரைக்கும் காவல் பூண்டவரும், சேந்தாற்றுத் தென்கரை முழுதும் உடையவரும், முன்னோர் அறுவர் சூடிய முடியை ஏழாமவராய்ச் சூடியவருமான காரிநங்கைப் பெருந்தேவியாராகிய யாம், மதகூர்க் கோயிலாகிய அரண்மனையில் வீற்றிருந்து, உடும்புக்கொடி உயர்த்தவரும், வெண்கல்மலை நாட்டின் பொன்னுக்கும் தேனுக்கும் புலிக்கும் தலைவரும், பகைவர் முடிகளைப் படிக்கட்டாய் மிதித்தேறியவருமான குன்றவாணக் கோமகனாருக்கு விடுக்கும் ஓலை. தம் கோட்டை நலமாகுக. தம்மைப் பெற்ற தேவியார் நலமாகுக. சென்ற ஆண்டு ஆற்றுத் திருவிழாவில் தாம் எமக்குக் காட்டிய, இடக்காது மடங்கிய அந்தக் குதிரைக்குட்டியும் நலமாகுக.

விருதுகளை இன்னும் நீட்ட வேண்டும் என்று எம் ஓலைநாயகம் மன்றாடுகிறார். போதும் என்றோம். எமக்கு வயது பதினொன்று, தமக்கு ஒன்பது. பகைவர் முடியைத் தாம் எப்போது மிதித்தீர் என்று தமக்கே தெரியாது. தென்கரை முழுவதையும் யாம் எப்போது உடையவரானோம் என்று எமக்கும் தெரியாது. பெரியவர்கள் எழுதி வைத்தார்கள், நாம் சுமக்கிறோம். அது கிடக்கட்டும்.

அரச முத்திரை இட்ட ஓலையை அவை நடுவே, முதல் எழுத்திலிருந்து முத்திரை வரை, ஒரு சொல்லும் விடாமல் உரக்க வாசிக்க வேண்டும் என்பது இரு நாட்டுக்கும் பொதுவான வழக்கு. ஆகையால், இதைக் கையில் ஏந்தி நிற்கும் கல்முடிக் கோட்டை ஓலைக்காரரே, இருமல் வந்தாற்போல் நடித்து வரிகளைத் தாண்டாதீர். தம் கோமகனாரின் அம்மான் பூதலரையர் கண்சாடை காட்டினாலும் தாண்டாதீர். அவையின் ஓரத்தில் நிற்கும் சிறுபிள்ளைகளை யாரும் வெளியே அனுப்பவும் வேண்டாம். அவர்களுக்கும் விளங்கும்படியாகவே இதைச் சொல்லி எழுதுவிக்கிறோம்.

காரியம் இதுவே. எம் நாட்டு முறைநூல் ஆசிரியர் வேம்பங்கிழார் தம் கோட்டையில் சிறைப்பட்டிருக்கிறார். வரும் அமாவாசையன்று அவரை உருட்டுப்பாறை உச்சியிலிருந்து தள்ளிக் கொல்வதென்று தம் பெயரால் ஆணை எழுதப்பட்டிருக்கிறது. அவரைக் கொல்லலாகாது. இதைச் சொல்லவே ஓலை. மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

அவர் யார் என்பதைத் தம் அவையோர் மறந்திருக்கக் கூடும், அல்லது மறந்ததாகக் காட்டக் கூடும். தம் தந்தையார் விண்ணுலகு எய்தியபின், என் மகன் அரசாளுமுன் முறை இன்னது என்று அறிந்துகொள்ளட்டும், ஆசிரியரை அனுப்பி வைக்க வேண்டும் என்று கண்ணீரோடு ஓலை விடுத்தவர் தம் தாயாரே. அந்த ஓலை இன்னும் எம்மிடம் இருக்கிறது. அவரை அனுப்ப எமக்கு மனமில்லை. இங்கேயும் பிள்ளைகள் இருக்கிறார்கள், எமக்கும் ஆசிரியர் வேண்டும் என்று தூணைப் பிடித்துக்கொண்டு அடம் பிடித்தோம். அவரோ, தீ இருக்கும் இடத்துக்குத்தானே தண்ணீர் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு மூட்டையைக் கட்டிவிட்டார்.

அவர் எமக்கும் எம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் முறை என்பதை நூலிலிருந்து சொல்லித் தரவில்லை. பேரேரிக் கரையில் சடுகுடு ஆடுகையில் சொல்லித் தந்தார். கைத்தடியால் மண்ணில் ஒரு கோடு கிழித்தார். இதுதான் சட்டம் என்றார். நாங்கள் சிரித்தோம். பின்பு ஆட்டத்தில் தாமே கோட்டைத் தாண்டி மிதித்துவிட்டார். குயவர் தெருப் பையன் ஒருவன், தாத்தா வெளியே போ என்று கூவினான். அவர் வெளியே போனார். போய் நின்றுகொண்டு, என் கால் படவில்லை, உன் கண்ணில் பூளை என்று அந்தி சாயும்வரை அவனோடு வாதாடினார். தோற்றால் வாதாடாமல் இருக்க மாட்டார், அப்படியொரு குணம். ஆனால் வெளியே நின்றுகொண்டே வாதாடினார். உள்ளே நின்றபடி ஒரு சொல் பேசவில்லை.

கோட்டைக் கிழித்தவனுக்கும் கோடு கோடுதான் என்பது அவர் முதற்பாடம். அரசர் சட்டம் செய்யலாம். செய்தபின் அந்தச் சட்டம் அரசரையும் பார்த்துக்கொண்டு நிற்கும். கோடு அழிந்துபோனால் என்ன செய்வது என்று யாம் கேட்டோம். கோடு இருந்த இடம் ஆடுகிற எல்லோருக்கும் தெரியுமே, மிதித்தால் கூவுவார்களே என்றார். கூவ ஒருவரும் இல்லையென்றால்? அப்போது ஆழமாய்க் கிழித்தாலும் அது வெறும் கீறல்தான் அம்மா என்றார். அன்று அது எமக்குச் சப்பென்று இருந்தது. இப்போது இல்லை.

இரண்டாம் பாடம் எம் நாட்டு மடைக்காரரைப் பற்றியது. ஏழேரி நாட்டில் மதகைத் திறப்பவன் வயல் கடைசியாகத்தான் தண்ணீர் குடிக்கும். ஏன் இந்த வஞ்சனை, பாவம் அவன் கரையோரம் குளிரில் நிற்கிறானே என்று கேட்டோம். திறவுகோலும் அவனிடம், முதல் தண்ணீரும் அவனுக்கு என்றால் பிறகு ஊரார் அவன் வீட்டு வாசலில் அல்லவா நிற்பார்கள் என்று கேட்டார். ஆட்சி செய்கிறவர்கள் எல்லோரும் மடைக்காரர்கள். அவர்கள் வயல் கடைசி. மக்கள் கெட்டவர்கள் என்பதற்காகச் சட்டம் இல்லை, நல்லவர்களுக்கும் தாகம் எடுக்கும் என்பதற்காகவே சட்டம் என்றார்.

மூன்றாம் பாடந்தான் அவர் உயிருக்கு வினையாக முடிந்தது.

நம் இரு நாட்டு அரசுகட்டில்களும் ஒரே தச்சர் குடியினர் செய்தவை. ஒரே அளவு, ஒரே உயரம். நம் இரு நாட்டுக்கும் பொதுவான பழஞ்சட்டம் ஒன்று உண்டு: அரசர் கட்டிலில் அமர்ந்து, இரு பாதமும் பாதபீடத்தில் படிந்திருக்கச் சொன்ன சொல்லே ஆணை, மற்றவை வெறும் பேச்சு. நின்றபடி சொன்னால் கோபமாயிருக்கும், நடந்தபடி சொன்னால் அவசரமாயிருக்கும், படுத்தபடி சொன்னால் கனவாயிருக்கும். இது தமக்கும் தெரியும். ஆனால் கட்டிலை ஏன் அத்தனை உயரமாகச் செய்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. பெருமைக்கு என்று நினைத்தோம். வேம்பங்கிழார் பழைய ஓலைகளைத் துருவிப் பார்த்துச் சொன்னார்: வளர்ந்தவர் கால் மட்டும் எட்டட்டும், பிள்ளையின் கால் எட்டாதிருக்கட்டும் என்றே அந்த உயரம். ஒரு பிள்ளை அரசராகிவிட்டால், அந்தப் பிள்ளையின் வாயால் ஒருவர் தலை போகக் கூடாது. அந்தப் பாவம் அந்தப் பிள்ளையைச் சேரக் கூடாது. நம்மை இழிவு செய்ய அன்று, நம்மைக் காக்கவே நம் கால்களைத் தொங்கவிட்டார்கள்.

கால் எட்டும்வரை சபையோர் ஐவர் நாட்டை நடத்துவர். பிள்ளை அரசருக்கு ஆணை இல்லை. ஆனால் ஓர் உரிமை உண்டு. அது வேறு எவருக்கும் இல்லை. ஏன் என்று கேட்கலாம். கேட்டால் சபையோர் பிள்ளைக்கு விளங்கும்படி விடை சொல்ல வேண்டும். சொல்லும்வரை அந்தக் காரியம் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். பிள்ளைக்கு விளங்கச் சொல்ல முடியாத சட்டத்தில் எங்கோ ஒரு திருட்டு இருக்கிறது என்பார் அவர். அந்த ஒரு சொல்லைக் கொண்டு யாம் இதுவரை உப்பு வரியை நிறுத்தியிருக்கிறோம், ஒரு மாந்தோப்பை வெட்டாமல் காத்திருக்கிறோம், எம் சபையோர் ஐவரின் தூக்கத்தையும் கெடுத்திருக்கிறோம். சின்னச் சொல் என்று எண்ண வேண்டாம்.

இனி, தம் கோட்டையில் நடந்ததைச் சொல்கிறோம். தாம் அங்கேயே இருந்தீர்; ஆனாலும் கேளும். தம்மைச் சுற்றி நிற்பவர்கள் அதை வேறு விதமாகச் சொல்லிச் சொல்லித் தமக்கே மறந்திருக்கக் கூடும்.

ஆசிரியர் தம் கோட்டை முற்றத்திலும் கோடு கிழித்தார். தாமும் அரண்மனைப் பிள்ளைகளும் ஆடினீர்கள். ஆட்டத்தில் தாம் கோட்டினை மிதித்தீர். மடைப்பள்ளிச் சமையற்காரர் ஊட்டியாரின் மகள் வெள்ளச்சி, ராசா வெளியே என்று கூவினாள். தாம் சிரித்துக்கொண்டே வெளியே போனீர். தம்மைப் பற்றி யாம் கேள்விப்பட்டவற்றில் இதுவே மிக நல்ல செய்தி. அதை உப்பரிகையிலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். சமையற்காரன் மகள் சொல்லுக்கு இன்று கட்டுப்படுகிற அரசன் நாளை என் சொல்லுக்கு ஏன் கட்டுப்படுவான் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் தம் பாதபீடத்தின்மேல் ஒரு தடித்த பலகை இருந்தது. தம் கால் அதில் படிந்தது. ஊட்டியார் குடும்பம் நாட்டைவிட்டு நீங்குக என்று அம்மான் காதோரம் சொல்ல, தாம் சொன்னீர். அப்போது வேம்பங்கிழார் எழுந்து போய், குனிந்து, அந்தப் பலகையை உருவினார். அதன்பின் நிகழ்ந்ததை வெள்ளச்சி எம்மிடம் சொன்னாள். அவள் இப்போது பெற்றோருடன் மதகூரில்தான் இருக்கிறாள், எம் மடைப்பள்ளியில் உண்கிறாள். அவள் சொல்லைத் திருத்தி எழுதட்டுமா என்று ஓலைநாயகம் கேட்டார். ஓர் எழுத்தைத் தொட்டால் எழுத்தாணியைப் பிடுங்கிவிடுவோம் என்றோம். அவள் சொன்னது இது: “தாத்தா பலகைய உருவிட்டாரு. ராசா காலு ரெண்டும் தொங்கிருச்சு. ஒரு சிலம்பு வேற கழண்டு கீழ விழுந்துச்சு. நாங்க எல்லாரும் சிரிச்சுட்டோம். வேணும்னு சிரிக்கல, வந்துருச்சு. ராசாவுக்கு அழுகை வந்துருச்சு. அழுதுகிட்டே, கொல்லுங்க அவரக் கொல்லுங்கன்னு கத்துனாரு. உடனே ராசாவோட அம்மான் பலகைய எடுத்து மறுபடியும் கீழ வெச்சு, இப்பச் சொல்லுங்கன்னாரு.”

தாம் மறுபடியும் சொன்னீர்.

தம்பி குன்றவாணா, இந்த இடத்தில் விருதுகளை விட்டுவிடுகிறேன். என்னைப் பார்த்தும் சிரித்திருக்கிறார்கள். முடிசூட்டு நாளில் முடி நழுவி மூக்கில் வந்து நின்றது. அவை முழுதும் சிரித்தது. அந்த நேரத்தில் என் கையில் ஊர் ஒன்று இருந்திருந்தால் கொளுத்தியிருப்பேன். ஆகையால் உன் கோபம் எனக்குத் தெரியும். காது சூடாகும், கண்ணுக்கு முன்னால் எல்லாரும் பல்லாகவே தெரிவார்கள். அந்த நேரத்தில் நீ கத்தியதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. கத்துவதற்குத்தான் பிள்ளைகள். அந்தக் கத்தலைப் பிடித்து ஓலையில் எழுதியவர் பிள்ளை இல்லை.

வெள்ளச்சி இன்னொன்றும் சொன்னாள். அவரைக் கட்டி இழுத்துப் போகையில் பிள்ளைகள் அழுதார்களாம். அவர் திரும்பிப் பார்த்து, நீங்கள் சிரித்தது தப்பில்லை, ராசா அழுததும் தப்பில்லை, பலகைதான் தப்பு என்று சொன்னாராம். பிறகு அவளை மட்டும் அழைத்து, மதகூர் போனால் எங்கள் ராணியிடம் சொல், பலகை தேட வேண்டாம் என்று சொன்னாராம். அந்தச் சொல் அப்போது எமக்கு விளங்கவில்லை. கிழவருக்குச் சிறையிலும் புதிரா என்று சலித்துக்கொண்டோம்.

நேற்று விளங்கியது.

நேற்று எம் படைத்தலைவர் மாநாகர் எம்முன் வந்து மண்டியிட்டார். கைகளில் ஒரு சாண் கனத்தில் பலாமரப் பலகை ஒன்று இருந்தது. இழைத்து, மெழுகு தேய்த்து, நான்கு மூலையிலும் பித்தளைப் பூண் போட்டிருந்தார். மூன்று போர் கண்ட அந்த மனிதர் அழுதுகொண்டே பேசினார். தேவியார் இதில் கால் வைத்து ஒரு சொல் சொல்லட்டும், அமாவாசைக்கு முன் கல்முடிக் கோட்டைக் கதவை உடைத்து ஆசிரியரைத் தோளில் தூக்கி வருகிறேன் என்றார். சபையோர் ஐவர் போருக்கு இசையவில்லை. எத்தனை ஏன் கேட்டும் அவர்களிடம் விடை இருந்தது. ஒருவர் உயிருக்காக இரு கரையிலும் எத்தனை பேர் சாவார்கள் என்று எமக்கு விளங்கும்படியே சொன்னார்கள். நன்றாகவே விளங்கியது. அதுதான் கொடுமை.

யாம் வலக்காலைப் பலகையில் வைத்தோம். வழவழவென்று குளிர்ந்திருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறோம், அதைப்போல் சுகமான ஒன்றை எம் கால் இதுவரை தொட்டதில்லை. இன்னொரு காலும் வைத்தால் போதும், அவர் இந்தக் கரைக்கு வந்துவிடுவார். கோட்டினை மிதிக்கவில்லை என்று மறுபடியும் எங்களோடு வாதாடுவார். ஆனால் அவர் வந்து இறங்கும் நாட்டில் கோடு இராது. என் பலகை நல்ல பலகை, பூதலரையர் பலகை கெட்ட பலகை என்று யாம் எந்தப் பிள்ளைக்கு விளங்கச் சொல்வோம்? காலை எடுத்துவிட்டோம். மாநாகர் பலகையைத் தூக்கிக்கொண்டு போனார். அவர் எம்மை மன்னிக்க மாட்டார்.

அதன்பின் யாம் அழுதோம். அரசர் அழலாமா என்று தாதி கேட்டாள். கால் எட்டாத அரசர் அழலாம் என்றோம். ஆசிரியர்மேல் எமக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. அவர் எமக்கு ஒன்றும் சொல்லித் தராதிருந்தால் நேற்றே படை புறப்பட்டிருக்கும். தன்னைக் காக்க நீளும் கையையும் சேர்த்தல்லவா கட்டிப்போட்டார் அந்தப் பிடிவாதக்காரர்! தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன என்று எம் தாதி தேற்றுகிறாள். எமக்குத் தேறவில்லை. அவரைச் சாகவிடுவதும் அவர் சொன்னதைச் சாகவிடுவதும் என இரண்டே வழிகள்தான் இருக்கின்றன. இரண்டும் எமக்கு வேண்டாம்.

இவ்விடத்தில் அம்மான் பூதலரையர் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. தம் மருமகனாருக்கு முன்பே தாம் இதைப் பிரித்துப் படித்திருப்பீர் என்று அறிவோம். இப்போது இரண்டாம் முறை கேட்கிறீர். வேலியே பயிரை மேய்ந்தது என்று தம்மைத் திட்ட எமக்கு ஆசைதான். திட்டி என்ன ஆகப் போகிறது. ஆகையால் கேள்வி ஒன்று மட்டும் கேட்கிறோம். அந்தப் பலகைக்குத் தம் பெயர் தெரியுமா? இன்று தாம் வைத்தீர். நாளை தம்மைவிட வலியவர் எவரேனும், அதைவிடத் தடித்த ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, அம்மானை உருட்டுங்கள் என்று அதே பிள்ளையின் வாயால் சொல்ல வைத்தால், தாம் எந்தச் சட்டத்தைக் கூப்பிடுவீர்? பலகையை உருவ அப்போது வேம்பங்கிழார் இருக்க மாட்டாரே. அவரைக் கொன்றுவிட்டீரே.

மீண்டும் தம்பிக்கே சொல்கிறோம். உன் ஆணையை மீட்டுக்கொள் என்று யாம் கேட்க முடியாது; பலகைமேல் கால் வைத்து மீட்டால் அதுவும் பலகையின் ஆணைதான், அதை அம்மான் மறுநாளே மாற்றிவிடுவார். யாம் கேட்பது அதைவிடக் கடினம். அவை நடுவே எழுந்து, குனிந்து, அந்தப் பலகையை நீயே உருவ வேண்டும். பிறகு கட்டிலில் ஏறி அமர்ந்து, எல்லோரும் பார்க்கக் கால்களைத் தொங்கவிட்டு, என் கால் எட்டவில்லை என்று நீயே சொல்ல வேண்டும். சொன்ன கணமே அந்தப் பலகையின்மேல் பிறந்த ஆணைகள் எல்லாம் பேச்சாகிவிடும். ஊட்டியாரும் வெள்ளச்சியும் வீடு திரும்பலாம். ஆசிரியர் வெளியே வரலாம். சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சிரிப்பு ஒரு நாழிகை வலிக்கும். மற்றது நீ கிழவனாகும்வரை வலிக்கும்.

நீ செய்வாய் என்று யாம் நம்பவில்லை. பொய் சொல்லி ஓலையை முடிக்க எமக்குத் தெரியாது. ஒன்பது வயதில் எம்மாலும் முடிந்திராது. உன் பக்கம் ஒருவரும் இல்லை. தாயாரை அந்தப்புரத்தில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள் என்று வெள்ளச்சி சொல்கிறாள். சேந்தாறும் இரு கரை புரண்டு ஓடுகிறது. ஓடக்காரர் தலையை ஆட்டுகிறார்கள். இந்த ஓலை அமாவாசைக்கு முன் வந்து சேருமா என்பதே ஐயம். தூதர் கையில் கொடுக்கும்போதே, இது ஆற்றோடு போகிற இலை என்று தோன்றுகிறது. ஆயினும் எழுதுகிறோம். கூவ ஒருவராவது இருக்க வேண்டும் என்று ஆசிரியர் எமக்குக் கற்றுத் தந்துவிட்டார்.

அரச ஓலையைச் செம்பட்டுக் கயிற்றால் கட்டுவது வழக்கம். இதைக் கட்டியிருப்பது வெறும் பருத்தி நூல். ஓலைநாயகத்துக்கு இதிலும் வருத்தம். கட்டிலில் அமர்ந்தபோது எம் பாதத்துக்கும் பாதபீடத்துக்கும் நடுவே உள்ள தொலைவே இந்த நூலின் நீளம். தாதி அளந்து வெட்டினாள். ஒரு சுற்றுக்கும் ஒரு முடிச்சுக்கும் சரியாக இருந்தது. ஏழேரி நாட்டு அரசிக்கு இன்னும் ஒரு சாண் குறைகிறது என்பதைத் தம் அவை முழுதும் கண்ணால் காணட்டும். தாம் அதை அவிழ்த்து, தம் பாதத்தில் வைத்துப் பாரும். தமக்கு இன்னும் கொஞ்சம் கூடக் குறையும். அதில் இழிவொன்றும் இல்லை. நாம் இருவரும் வளர்ந்துவிடுவோம்.

ஓலை பிந்தி வந்தால், பாறையில் எல்லாம் முடிந்த பிறகு வந்தால், இதைக் கிழிக்கவும் வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். அப்போதும் பலகையை எடுத்துவிடும். அவருக்கு அது உதவாது. அடுத்து நிற்பவருக்கு உதவும். அவர் இருந்தாலும் அதைத்தான் சொல்வார், அதுவும் சிடுசிடுப்போடு சொல்வார்.

மதகூர்க் கோயிலில், நாரை முத்திரை இட்டு, சபையோர் ஐவரும் உடனிருக்க, எம் வாய்மொழியாக ஓலைநாயகம் எழுதியது. மேற்படி சொன்னவற்றுக்கு ஏரியும் கரையும் சான்று. முத்திரைக்குக் கீழே ஆணை எழுதுவது முறை. எம் கால் எட்டாதபடியால் இதில் ஆணை இல்லை. அந்த இடத்தில், எமக்கு உரிமையுள்ள ஒரே சொல்லை எம் கையாலேயே எழுதுகிறோம், எழுத்துக் கோணலுக்குப் பொறுத்தருள்க. வேம்பங்கிழாரைக் கொல்வது

ஏன்?